நித்திலாவுக்கு ஓர் இருப்பிடச் சான்று

வாங்க அண்ணாச்சி, வாங்க. செருப்பு அங்ஙனயே கிடக்கட்டும், ஒருத்தனும் தூக்கிட்டுப் போக மாட்டான். இப்பிடி ஃபேனுக்கு நேரா உட்காருங்க. ஆவுடையப்பன்தானே உங்க பேரு? பத்திர ஆபீஸ் ராமையா போன்ல எல்லாம் சொன்னாரு. உங்க மருமகன் அமெரிக்க சிட்டிசன். கல்யாணம் ஆகி மூணு வருஷமா உங்க வீட்டு மாடியிலதான் குடித்தனம். இப்ப உங்க மகளுக்கு அங்க போக விசா போட்டிருக்காரு. டொமிசைலுக்கு என்னத்தக் காட்டுறதுன்னு தெரியாம முழிக்கீங்க. அதானே? அடேயப்பா, சரியான ஆள்கிட்டதான் வந்து சேர்ந்திருக்கீங்க. இந்தத் தென்காசி வட்டாரத்துல டொமிசைலைப் பத்தி இந்தக் குற்றாலிங்கத்தைவிடத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் மீசையை எடுத்துருதேன்.

ரிட்டயர்டு துணை வட்டாட்சியர் அண்ணாச்சி நான். இருபத்தெட்டு வருஷம் இருப்பிடச் சான்று கொடுத்த கை இது. எவன் ஊர்ல இருக்கான், எவன் இருக்கேன்னு சொல்லிட்டுத் திருப்பூர்ல கிடக்கான், தெருவுல ஒரு நடை நடந்தா கொடியில காயுற துணியைப் பாத்தே சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு டொமிசைல்னா என்னன்னு பாடம் எடுத்தாங்க. யாருன்னு கேக்கீங்களா? என் மருமக.

கோமதி! அண்ணாச்சி வந்திருக்காவ, ரெண்டு காப்பி!

காப்பி வரும். பதில்தான் வராது. எங்க வீட்டம்மா என்கூடப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உப்பு பத்தலேன்னு நான் சொன்னா, உப்பு ஜாடியைக் கொண்டாந்து ணங்குன்னு வப்பா, அவ்வளவுதான். சவத்த விடுங்க, அதுக்குப் பின்னால வாரேன்.

மொதல்ல சங்கதியைப் புரிஞ்சுக்கோங்க. அமெரிக்காக்காரன் சட்டம் என்ன சொல்லுதுன்னா, புருசனையோ பொண்டாட்டியையோ அங்க கூப்பிடுறவங்க அவங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடணும். ஜாமீன் போடுற ஆளுக்கு அமெரிக்காவுல இருப்பிடம் இருக்கணும். இந்தியாவுல உட்கார்ந்துக்கிட்டு ஜாமீன் போட்டா, 'நான் இங்க இருக்கிறது கொஞ்ச நாளைக்குத்தான், திரும்பி வந்துருவேன்'னு சான்று காட்டணும். அந்த இருப்பிடத்துக்குத்தான் டொமிசைல்னு பேரு. நம்ம ஊர்ல அதையே வட்டாட்சியர் கையெழுத்துல கொடுக்கோம். விஷயம் ஒண்ணுதான். அவன் இங்கிலீஷ்ல சொல்லுதான், நாம தமிழ்ல சொல்லுதோம்.

என் மகன் பரணிதரன் இங்ஙன இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியாரா இருந்தான். மருமக நித்திலா, பொறந்து வளர்ந்தது ஹூஸ்டன். அப்பா அம்மாவுக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச தமிழ் அவளுக்கு. கல்யாணம் ஆகி வந்த மொத நாளு, 'மாமா, நான் நீராடிவிட்டு வருகிறேன்' அப்பிடின்னா. பால்காரன் கேனோட நின்னுட்டிருந்தான், கையெடுத்துக் கும்பிட்டுட்டான். நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரை ஏறிட்டு. நல்ல பிள்ளைதான் அண்ணாச்சி, குறை சொல்லக் கூடாது. திக்கிப் பேசுற பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கப் படிச்சவ. இங்க ஒரு பள்ளிக்கூடத்துல சும்மாவே போயிச் சொல்லிக்கொடுத்தா. மூணு வருஷத்துல 'என்ன மாமா, சாப்பிடலையா, மணி என்னாச்சு'ன்னு நம்ம பேச்சே பேசிட்டா.

கல்யாணத்தப்பவே சொன்னா, 'ரெண்டு வருஷம் இங்க இருப்போம், அப்புறம் ரெண்டு பேரும் அங்க போயிருவோம்'னு. நான் தலையாட்டினேன். எல்லாரும்தான் ரெண்டு வருஷம்பாவ. வேற ஆபீசுக்கு டெபுடேஷன்ல போறவன் சொல்லாத ரெண்டு வருஷமா? மாடியைக் கட்டிக் கொடுத்தேன். வெஸ்டர்ன் டாய்லெட் வச்சேன். ரேஷன் கார்டுல அவ பேரைச் சேர்த்தேன். சேர்க்கக் கூடாதுன்னான் ஆபீஸ்ல, ஏன் சேர்க்கக் கூடாது, என் வீட்ல சாப்பிடுறவளுக்கு என் கார்டுல பேரு இல்லாம இருக்குமான்னு சண்டை போட்டுச் சேர்த்தேன். ஆதார் வாங்கிக் கொடுத்தேன். வாக்காளர் பட்டியல்ல சேர்க்க ஃபாரம் கொண்டாந்தப்பதான் மகாராணிக்குக் கோவம் வந்துட்டு. 'மாமா, நான் அமெரிக்கப் பிரஜை. இதுல கையெழுத்துப் போட்டா குற்றம்.' குற்றமாம்! எனக்குச் சொல்லுதா! எத்தனை எலெக்‌ஷன் நடத்தினவன் நான்! சரி, சின்னப் பிள்ளைன்னு ஃபாரத்தை மடிச்சு வச்சுட்டேன். எடுத்தெறிஞ்சு பேசினா பேசிட்டுப் போறா, பேரு கார்டுல ஏறிட்டுல்லா, அது போதும்.

இன்டர்வியூ பம்பாய்ல. பரணிக்கு மட்டும்தான். நித்திலாவுக்கு அப்ப மூணு மாசம், வாந்தியும் மயக்கமுமா கிடந்தா, அவளைக் கூட்டிட்டுப் போகல. ஆனா ஃபைல் தயார் பண்ணினா பாருங்க, அதைச் சொல்லணும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கலர் அட்டை, அட்டையில ஒரு சீட்டு, சீட்டுல தலைப்பு. நம்ம கலெக்டர் ஆபீஸ்லகூட அப்படி ஒரு ஃபைல் நான் பாத்ததில்ல. பச்சை அட்டையில 'டொமிசைல்'னு எழுதியிருந்துச்சு. அவ டாக்டர்கிட்டப் போனப்ப நான் எடுத்துப் பாத்தேன். இல்ல, அடுத்தவங்க ஃபைலைப் பாக்கிற ஆளு நானில்ல. வீட்டை விட்டு வெளிய போற பேப்பரை ஒரு தடவை பாத்துருவேன், அது சர்வீஸ்ல வந்த பழக்கம்.

உள்ள என்னத்த வச்சிருக்காங்கீங்க? ஹூஸ்டன் பேங்க் கணக்கு. டிரைவிங் லைசென்ஸ். இங்க இருந்து தபால்ல போட்ட ஓட்டுக்கு ஒரு ரசீது. ஒவ்வொரு வருஷமும் அங்க கட்டின வரி. அவ அப்பா கைப்பட ஒரு கடுதாசி, 'என் மகள் வந்தால் என் வீட்டில் தங்குவாள்'னு. இதெல்லாம் ஒரு சான்றா அண்ணாச்சி? சொந்த அப்பன் எழுதிக்கொடுத்தா செல்லுமா? ஒரு சீல் உண்டா, ஒரு நம்பர் உண்டா? எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கடைசியில அவளே கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டர். எங்க இருந்தேன், ஏன் இருந்தேன், எப்பத் திரும்பிப் போவேன்னு ஒரு பக்கம். அதுல நடுவுல ஒரு வரி. 'நான் இந்தியாவில் என் கணவரின் பெற்றோர் வீட்டில் தற்காலிகமாக ஒரு கெஸ்ட் ஆகத் தங்கியிருக்கிறேன்.'

கெஸ்ட்.

நீங்களே சொல்லுங்க. மூணு வருஷம். என் தட்டுல கோமதி மொதல்ல சோறு போட்டாளா அவ தட்டுல போட்டாளான்னு கேட்டுப் பாருங்க. காய்ச்சல் வந்து கிடந்தப்ப எந்த ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டு ஓடினது? என் ரேஷன் கார்டுல பேரு இருக்கு. கெஸ்டாம்! லாட்ஜுல ரூம் போட்டுத் தங்கினவ மாதிரி! அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு இந்த நாற்காலியிலயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு தெரியல. வயித்தெரிச்சல்னு தப்பா எடுத்துக்காதீங்க. பொய்யான வாக்குமூலம் ஒண்ணு என் வீட்லேருந்து ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போகுதேங்கிற கவலைதான். பொய் சொல்லி விசா வாங்கினா நாளைக்கு யாரு தலை உருளும்? என் மகன் தலையில்லா உருளும்?

அதனால என்ன செஞ்சேன், நேரா முறைப்படி செஞ்சேன். நம்ம கிராம நிர்வாக அலுவலர் முருகையா, என் கீழ வேலை கத்துக்கிட்டவன். இ-சேவையில மனுப் போட்டு, வட்டாட்சியர் கையெழுத்தோட இருப்பிடச் சான்று வாங்கிட்டேன். நாலே நாள். அது கம்ப்யூட்டர் அச்சடிக்கிறது, ரெண்டு வரிக்கு மேல இருக்காது. அதனால முருகையாகிட்ட விசாரணை அறிக்கைன்னு தனியா ஒண்ணு எழுதச் சொன்னேன். வாசகம் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 'மேற்படி நித்திலா என்பவர் இக்கிராமத்தில் தன் கணவர் குடும்பத்தாருடன் நிரந்தரமாக வசித்து வருகிறார் எனவும், குடும்ப அட்டையில் பெயர் உள்ளது எனவும், வேறு ஊருக்குச் செல்லும் எண்ணம் ஏதும் அவருக்கு இல்லை எனவும் நேரடி விசாரணையில் தெரியவருகிறது.' எப்பிடி வாசகம்? 'எனவும்' 'எனவும்'னு எங்கயும் ஒரு ஓட்டை இருக்காது. இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, நோட்டரி சீல் குத்தி, பச்சை அட்டைக்குள்ள மொதப் பக்கமா வச்சேன். ரேஷன் கார்டு நகலும் வச்சேன். அவ லெட்டரை எடுத்து என் பீரோவுல வச்சேன். கிழிக்கல. கவனிச்சுக்கோங்க, கிழிக்கல.

பரணி கேக்கலையான்னு பாக்கீங்க. அவன் எங்க ஃபைலைத் திறந்தான்? பொண்டாட்டி அடுக்கிக் கொடுத்தா, அவன் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரயில் ஏறிட்டான்.

அங்க நடந்ததை அவன் வந்து சொன்னான். கவுண்டர்ல ஒரு அம்மா. மரியாதையாத்தான் பேசியிருக்கா. கல்யாணப் போட்டோவெல்லாம் பாத்துச் சிரிச்சிருக்கா. டொமிசைல் எங்கன்னு கேட்டதும் இவன் பச்சை அட்டையோட தூக்கிக் கொடுத்துட்டான். அந்தம்மா மொதப் பக்கத்தை ஒரு தடவை படிச்சா. ரெண்டாந் தடவை படிச்சா. 'உங்கள் மனைவிக்கு இந்தக் கிராமத்தை விட்டு வேறு எங்கும் செல்லும் எண்ணம் இல்லையா?'ன்னு கேட்டா. 'ஐயோ இல்ல மேடம், அவ ஹூஸ்டனுக்கு வாரா'ன்னிருக்கான். 'உங்கள் அரசாங்கம் விசாரித்து எழுதியிருக்கிறதே, அது தவறா?' நித்திலா எழுதின லெட்டர் ஒண்ணு இருக்குன்னு இவன் அட்டை அட்டையாத் தேடியிருக்கான். இருந்தாத்தானே? ஜாமீன் போடுறவருக்கு அமெரிக்காவுல இருப்பிடம் இருக்குன்னு புதுசா ஆதாரம் கொண்டாங்கன்னு ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிட்டா.

அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காதீங்க. இருபத்தெட்டு வருஷம் நான் கொடுத்த சான்றிதழை ஒரு பய நம்பினதில்ல. பேங்க்காரன் நம்ப மாட்டான், ஸ்கூல்காரன் இன்னொண்ணு வாங்கிட்டு வாம்பான், எங்க ஆபீஸ்லயே பக்கத்து மேஜைக்காரன் நம்ப மாட்டான். அந்தம்மா ஒருத்திதான் ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே நம்பினா. அதுல எனக்கு ஒரு சந்தோசம்கூட. அதை இந்த வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல.

பரணி வந்து இறங்கினதும் இந்த ஹால்லதான் பஞ்சாயத்து. 'லெட்டர் எங்கப்பா?'ன்னான். பீரோவுலன்னேன். என்னத்துக்கு மறைக்கணும், நான் என்ன திருடனா? நித்திலா அந்தத் தூண்கிட்ட நின்னா. சத்தம் போடல. 'மாமா, டொமிசைல்னா நான் இப்ப எங்க இருக்கேங்கிறது இல்ல. நான் எங்க திரும்பிப் போவேங்கிறது. அது ஆபீசருக்கு எழுதின லெட்டர், உங்களுக்கு எழுதினது இல்ல'ன்னா. நான் விடுவேனா? 'ஆபீசருக்குன்னா பொய் எழுதலாமா? கெஸ்ட்னு எழுதலாமா?'ன்னு கேட்டேன்.

தூணை விட்டு முன்னால வந்தா. அப்புறம் சொல்லுதா, பழைய ஞாயித்துக்கிழமைத் தமிழ்ல, 'அது பொய் இல்லை மாமா.'

பாத்தீங்களா திமிரை! மூணு வருஷம் சாப்பிட்ட வீட்ல நின்னுக்கிட்டு! கோமதியாவது 'ஏன் பிள்ளை அப்பிடிச் சொல்லுத'ன்னு கேப்பான்னு பாத்தேன். அவ என்னடான்னா அந்தப் பிள்ளை முதுகைத் தடவிட்டு நிக்கா. ஒரு பேச்சு பேசலாம்ல? எனக்காக இல்ல, நியாயத்துக்காக.

அதுக்கப்புறம் நித்திலா காத்திருக்கல. 'நான் போயி வீடு பிடிச்சு வேலையில சேர்ந்தாத்தான் நம்புவாங்க'ன்னு, அஞ்சாம் மாசத்துல ஒத்தையில பிளேன் ஏறிட்டா. வயித்துப் பிள்ளைக்காரி. வளைகாப்புக்கு வளையல் வாங்கி வச்சிருந்தா கோமதி, அதைப் பெட்டியில போட்டுக் கொடுத்தா. போறப்ப என்கிட்ட வந்து நின்னா. 'போயிட்டு வாரேன் மாமா'ன்னா. கவனிச்சீங்களா? வாரேன்னா. போறேன்னு சொல்லல. அவ இருப்பிடம் எதுன்னு அவ வாயாலயே வந்துட்டுல்லா? இதை நான் கோமதிகிட்டச் சொன்னேன். அப்ப அவ என்கூடப் பேசிட்டுதான் இருந்தா. 'எல்லாரும் அப்படித்தாங்க சொல்லிட்டுப் போவாவ'ன்னா.

பரணி மாடியில தனியாக் கிடந்தான். காலேஜ், மாடி, காலேஜ், மாடி. கீழ இறங்கிச் சாப்பிட மாட்டான், கோமதி தட்டைத் தூக்கிட்டு மாடி ஏறுவா. அவளுக்கு முட்டு வலி வேற. எனக்கு என்ன, நான் யாரையும் போகாதேன்னு சொன்னேனா? ஒரு தடவை சொன்னேனா? கேட்டுப் பாருங்க.

பிள்ளை பொறந்தது ஒரு புதன்கிழமை. பொம்பளைப் பிள்ளை. பரணி காலேஜ் ஸ்டாஃப் ரூம்ல நின்னுக்கிட்டு போன்ல பாத்திருக்கான். கூட வேலை பாக்கிற வாத்தியாரு ஒருத்தரு எனக்குச் சொன்னாரு, பாத்துட்டு உக்காந்து மேஜையில தலையைச் சாச்சவன் ஒரு பீரியட் முழுக்க எந்திரிக்கலையாம். நான் பேத்தி பொறந்த சந்தோசத்துல அல்வா வாங்கிட்டுப் போயி தாலுகா ஆபீஸ் பூரா கொடுத்தேன். முருகையாவுக்கு ரெண்டு துண்டு. வீட்டுக்கு வந்து கோமதி வாயில ஒரு துண்டு வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டா. அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவதான்.

நித்திலா அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலையில சேர்ந்து, வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் அனுப்பி, அப்புறம்தான் இவனுக்கு விசா கிடைச்சுச்சு. பிள்ளைக்கு அப்ப மூணு மாசம். சரி, இப்ப நல்லாக் கவனிங்க, எல்லாரும் என்னையத்தான் குத்தம் சொல்லுதாவ. ஆனா யோசிச்சுப் பாத்தா, என் சான்றிதழ் போகலேன்னா அந்தப் பிள்ளை அங்க போயி வேலை தேடியிருக்குமா, வீடு பிடிச்சிருக்குமா? இன்னைக்கு அவங்க அங்க ஜம்முனு இருக்காங்கன்னா அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது யாரு? இதைச் சொல்ல ஒரு நாதி இல்ல.

அவன் கிளம்புற அன்னைக்கு வாசல்ல வச்சு, 'அட்ரஸை எழுதிக் கொடுத்துட்டுப் போடே'ன்னேன். 'அம்மாகிட்ட இருக்குப்பா'ன்னுட்டு கார்ல ஏறிட்டான். அம்மாகிட்ட இருக்கு. அம்மாகிட்ட நான் எப்பிடிக் கேக்க?

பேத்தி பேரு பொதிகை. ஞாயித்துக்கிழமை காலையில போன் வரும். கோமதி அடுப்படியில உட்கார்ந்து பேசுவா. நான் இங்ஙன பேப்பர் படிச்சுட்டிருப்பேன். படிக்கது என்ன, பக்கத்தைப் புரட்டுறதுதான். அந்தப் பிள்ளை இப்ப 'ஆச்சி, ஆச்சி'ங்குது. தெளிவாச் சொல்லுது அண்ணாச்சி. அவ அம்மா பேச்சு சொல்லிக்கொடுக்கிறவள்ல, சொல்லிக்கொடுத்திருப்பா. தாத்தான்னு சொல்லிக்கொடுத்தாளான்னு தெரியல. காதைத் தீட்டிக்கிட்டுதான் இருக்கேன், இதுவரைக்கும் விழல.

சரி சரி, என் கதை கிடக்கட்டும். உங்க கேஸுக்கு வாரேன். அந்தப் பையில இருக்கிறது ஃபைல்தானே? காட்டுங்க. உங்க மருமகனும் ஒரு லெட்டர் எழுதியிருப்பாரே, எழுதாம இருக்க மாட்டாரு, அதை அமெரிக்காக்காரன் கேப்பான். அதுல உங்க வீட்டைப் பத்தி ஒரு வரி இருக்கும். என்ன எழுதியிருக்காரு? நீங்க படிக்கலையா? சும்மா சொல்லாதீங்க. உங்க வீட்டு மாடியில மூணு வருஷம் இருந்தவரு உங்களைப் பத்தி எழுதின பேப்பர் உங்க மடியிலயே இருக்கு, நீங்க பிரிச்சுப் பாக்கலையா? எப்பிடி அண்ணாச்சி உங்களால முடியுது?

ஏன், ஏன் எந்திரிச்சுட்டீங்க? காப்பி வந்துட்டு பாருங்க. இந்தா கோமதியே கொண்டாந்துட்டா. என்ன சொல்லுதா உங்ககிட்ட? 'பையைக் குடுத்துராதீங்க அண்ணாச்சி'யா? கேட்டீங்களா, நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், என்னைய வச்சுக்கிட்டே சொல்லுதா. அவ கெடக்கா. உட்காருங்க. பையை எதுக்கு இப்பிடி இறுக்கிப் பிடிக்கீங்க? அந்த ஒரு லெட்டரை மட்டும் கொடுங்க, படிச்சுட்டு உங்க கையிலயே தந்துருதேன். கோமதி வேணும்னா பக்கத்துல நிக்கட்டும், நின்னு பாக்கட்டும். நான் ஒண்ணும் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி.